சேகரித்தவர் பெயர்

போன தை மாசம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினபோது ஒரு தகரப்பெட்டி கீழே இறங்கியது. உள்ளே என் கல்லூரிக் காலத்து ஹெர்பேரியத் தாள்கள். தாவரவியல் மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவனும் 25 செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டிப் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. பிறகு போட்டித் தேர்வு, வங்கி குமாஸ்தா வேலை, கவிதை என்று செடியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

தாள்களைத் திண்ணையில் பரப்பினேன். ஓரங்களைச் செல்லு அரித்திருந்தது. நீர்முள்ளி, ஆரை, கரிசலாங்கண்ணி, பொடுதலை, வல்லாரை, வள்ளைக்கீரை, கோரையில் இரண்டு வகை. கிட்டத்தட்ட எல்லாமே ஈரநிலத்துச் செடிகள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே சேரியில் பிறந்தவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. தாவரவியல் பெயர், குடும்பம், இடம், வாழிடம், தேதி, சேகரித்தவர். கடைசி வரியில் 25 தாளிலும் என் பெயர். குண்டு குண்டாக, அழகான கையெழுத்து.

அது பொய்.

22 செடியைப் பறித்தது என் அம்மாவும் அம்மாவோடு களையெடுத்த பொம்பளைகளும். மிச்சம் மூன்றுதான் நான். அதிலும் இரண்டு கல்லூரித் தோட்டத்தில் பறித்தது. அப்போது அம்மா சம்பாக் களைக்குப் போய்க்கொண்டிருந்தது. "தம்பிக்குக் காலேசுல செடி கேக்குறாங்களாம், கண்ணுல பட்டா எடுத்தாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தது. பொழுது சாய ஒவ்வொருத்தர் மடியிலிருந்தும் ஒரு செடி இறங்கும். "இந்தா ஒன் பரிச்சைக்கு" என்று திண்ணையில் போட்டுவிட்டுப் போவார்கள். செடியின் பெயரும் அவர்கள் சொன்னதுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு புத்தகத்தில் லத்தீன் பெயரைத் தேடி எடுத்தது மட்டும் என் வேலை.

இதை மகனின் குற்றவுணர்ச்சியாக நான் எழுதவில்லை. அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டால் "வேற வேல இல்லையா ஒனக்கு" என்று சிரிக்கும். நான் பேச வந்தது அந்தச் சீட்டைப் பற்றி. அந்தச் சீட்டில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பற்றி.

*

ஹெர்பேரியம் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. செடியை வேரோடும் பூவோடும் காயோடும் பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தினமும் தாள் மாற்றிக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் மருந்து போட்டு, சுமார் 42-க்கு 28 சென்டிமீட்டர் கெட்டித் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்குவது. அந்தக் காலத்தில் போட்ட மருந்து பாதரசக் குளோரைடு, கொடிய நஞ்சு. ஒழுங்காகச் செய்தால் 200 வருசம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். எந்தச் செடி எந்தக் காலத்தில் எந்த ஊரில் இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அதனால் விஞ்ஞானிகள் அதை வவுச்சர் என்கிறார்கள்.

வங்கியில் இருக்கிறவனுக்கு இந்த வார்த்தை ரொம்பப் பழக்கம். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகாது. வவுச்சரில் எழுதினவர் கையெழுத்து வேண்டும், சரிபார்த்தவர் கையெழுத்து வேண்டும். பணம் யாருடையது என்று வேண்டும். எழுதத் தெரியாத கிழவி வந்தால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி, அது அவருடைய ரேகைதான் என்று இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கிழவியின் சொற்பத் தொகைக்கு இத்தனை ஒழுங்கு இருக்கிறது. அதே கிழவி ஐம்பது வருசம் சேற்றில் நின்று சேர்த்த அறிவை எடுத்து எழுதும்போது எந்த ரேகையும் தேவைப்படவில்லை.

ஈரநிலத்துச் செடியைத் தாளில் ஏற்றுவது மற்றச் செடியைப் போல இல்லை. தண்ணீருக்குள் விறைப்பாக நிற்கிற வேலம்பாசி கரைக்கு வந்ததும் நனைந்த நூல் மாதிரி சுருண்டுவிடும். நான் நாலு தரம் தோற்றேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டது. அடியில் தாளைச் செருகி, மெல்ல மேலே தூக்கியது. பாசி தண்ணீரில் விரிந்த வாக்கிலேயே தாளில் உட்கார்ந்துவிட்டது. பிறகு பார்த்தால் தாவரவியல் கையேடுகளில் இருப்பதும் இதே முறைதான். அல்லித் தண்டு போன்ற சதைப்பற்றுள்ளவை அழுகும். ஐப்பசி மழையில் தாளெல்லாம் பூசணம் பூக்கும். தாளை மாற்றி மாற்றி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதும், பாரத்துக்கு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததும் அம்மாதான். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், அதனால் பறிக்கும்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அது மட்டும் நான் எழுதினேன்.

*

இப்போது அறிவைப் பற்றி.

நெல்வயலில் களையெடுப்பது சும்மா குனிந்து பிடுங்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும். நட்டு இருபது நாள் ஆன வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். அதே பச்சை, அதே உயரம். தப்பாகப் பிடுங்கினால் வரப்பில் நிற்கிறவன் வாயில் வராத வார்த்தை வரும். எப்படி அடையாளம் தெரிகிறது என்று அம்மாவைக் கேட்டேன்.

"கழுத்தப் பாருடா. இலை தண்டோட சேர்ற எடம். நெல்லுக்கு அங்கன ஒரு நாக்கு இருக்கும், வெள்ளையா, காயிதம் மாதிரி. ரெண்டு பக்கமும் மயிர் வச்ச காது இருக்கும். இதுக்குக் கழுத்து மொட்ட. நாக்கும் இல்ல, காதும் இல்ல."

கல்லூரி நூலகத்தில் புல் குடும்பத்துக்கான அடையாள அட்டவணையைத் திறந்தேன். எக்கினோகுளோவா பேரினத்தைப் பிரிக்க அதில் கொடுத்திருந்த முதல் அடையாளங்களில் ஒன்று, இலைநா கிடையாது என்பது. இதற்கு உருப்பெருக்கி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா குனிந்த குனியில், தண்ணீருக்குள் விரலால் தடவியே சொல்லிவிடும். கோரையும் அப்படித்தான். "தண்ட உருட்டிப் பாரு, மூணு மூல தட்டுப்பட்டா கோர. கணு தட்டுப்பட்டுச்சுன்னா புல்லு." கோரைக் குடும்பத்தையும் புல் குடும்பத்தையும் பிரிக்கத் தாவரவியல் முதல் வகுப்பில் சொல்லித்தருவதும் இதைத்தான். ஆரைக்கு நாலு இலை, பூ கிடையாது. "பூக்காத சாதி அது" என்பார்கள் எங்கள் பொம்பளைகள். புத்தகத்தில் அது பெரணி வகையைச் சேர்ந்தது என்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மூதுரை படித்தபோது கொட்டி என்று ஒரு சொல் வந்தது. வாத்தியார் "அது ஒரு நீர்ச்செடி" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அது ராத்திரிச் சாப்பாடு. கோடையில் குட்டை வற்றும்போது சேற்றைக் கிளறிக் கொட்டிக்கிழங்கு எடுத்து வருவார்கள். அவித்துத் தோலுரித்தால் மாவாக இருக்கும். வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மற்றப் பையன்கள் சிரிப்பார்கள். இலக்கியத்தில் இருந்தால் உவமை, எங்கள் சட்டியில் இருந்தால் அசிங்கம்.

இதுதான் விசயத்தின் மையம். ஒரே செடிக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர். மிராசுக்கு அது களை, பிடுங்கி எறிய வேண்டியது. சேரிக்கு அது கீரை. ஆராக்கீரையும் வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வயல் நத்தையும் நண்டும் இல்லாவிட்டால் எங்கள் தலைமுறை இத்தனை உயரம் வளர்ந்திருக்காது. கல்லூரிக்கு அது மாதிரி, சீட்டு ஒட்ட வேண்டியது. பிடுங்கி எறிய வேண்டிய களையைக்கூட எங்கள் பொம்பளைகள் சும்மா எடுத்துவந்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு காரியஸ்தன் கரையேறும் பொம்பளைகளிடம் "மடிய அவுத்துக் காட்டு" என்பான். கீரைக்கு நடுவே நெல் நாற்று இருக்கிறதா என்று பார்ப்பானாம். தன் வயலுக்கு ஆகாத செடியை எடுத்துப் போகவும் அவனிடம் சோதனை கொடுக்க வேண்டும்.

ஆனால் தாளில் என்ன எழுதினேன்? "வாழிடம்: நெல்வயல், சாதாரணக் களை." எல்லாருடைய புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. மிராசுதாரின் கண்ணை நான் இரவல் வாங்கி எழுதியிருக்கிறேன். அந்த வயலில் நின்றவள் யார், கூலி என்ன, கரையில் நின்றவன் யார் என்று எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். நெற்கூலியைக் கூடக் கேட்டதும் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அந்த ஊர் வயலில் ஒரு கோரையைப் பறித்து ஒட்டினாலும் சீட்டு அதையேதான் சொல்லும். இடம் கீழ்வெண்மணி, வாழிடம் நெல்வயல், சாதாரணக் களை.

*

இந்தச் சீட்டின் வரலாறு எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்தது 1620. 1706-ல் சீகன்பால்கு வந்தார், அச்சுக்கூடம் வந்தது, இதெல்லாம் பலருக்கும் தெரியும். 1768-ல் அங்கே கோனிக் என்ற மருத்துவர் வந்தார். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் நேரடி மாணவர். இவர் காலத்தில் காவிரி முகத்துச் செடிகள் காய்ந்த தாள்களாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. 1776-ல் ராட்லர் என்ற பாதிரியார் வந்தார். 1799-1800-ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை போய்த் திரும்பி, வழியெல்லாம் செடி சேகரித்துக் குறிப்பு எழுதினார். 1836-ல் சென்னையில் இறந்தார். அவர் சேர்த்த தாள்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், 1870-களில் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு செடிப் பேரினத்துக்கு ராட்லேரா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ராட்லரிடம் எனக்குப் பகை இல்லை. செடி சேகரித்த அதே மனிதர்தான் தமிழ்-இங்கிலீசு அகராதியும் தொகுத்தார். 1834-ல் அச்சாகத் தொடங்கியது, அவர் இறந்த பிறகே முடிந்தது. செடியையும் சொல்லையும் ஒருசேரச் சேகரித்த மனிதர் அவர். ஆனால் ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தரங்கம்பாடியைச் சுற்றிய குளத்திலும் குட்டையிலும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியது யார்? கரையில் நின்ற பாதிரியாரிடம் அந்தச் செடியை நீட்டி, இதற்குப் பெயர் இது என்று சொன்ன வாய் யாருடையது? பாதிரியார் பெயர் செடிக்கு வந்துவிட்டது. செடியின் பெயரைச் சொன்னவர் பெயர் எங்கே?

அந்தக் காலத்தில் அப்படித்தான், யாரும் எழுத மாட்டார்கள் என்று சொல்ல வேண்டாம். அதற்கும் நூறு வருசம் முன்னால் மேற்குக் கரையில் எழுதியிருக்கிறார்கள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ஹோர்டஸ் மலபாரிக்கஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அதன் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்று இருக்கிறது. செடிகளின் பெயரையும் மருத்துவக் குணத்தையும் சொன்னது தான்தான் என்று தன் சொந்தக் கோலெழுத்தில் அவர் எழுதிக்கொடுத்ததை அப்படியே அச்சில் போட்டார்கள். மூன்று கொங்கணிப் பிராமணர்களும் சான்று கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவரின் சான்றும் இருக்கிறது. திருவிதாங்கூரில் அவருடைய சாதிக்காரர்கள் அரசாங்கக் கோயிலுக்குள் நுழையச் சட்டப்படி வழி பிறந்தது 1936-ல். புத்தகத்துக்குள் அச்சுதன் அதற்கு 258 வருசம் முன்பே நுழைந்துவிட்டார். பிற்காலத்தில் ஒரு பேரினத்துக்கு அச்சுடேமியா என்று அவர் பெயரையும் வைத்தார்கள். மணிலால் என்ற தாவரவியல் பேராசிரியர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்து அந்த லத்தீன் நூலை ஆங்கிலத்தில் 2003-லும், பிறகு மலையாளத்திலும் கொண்டுவந்தார்.

ஆக, எழுத முடியும். எழுதியிருக்கிறார்கள். கரிசல், காவிரி, பாலாறு என்று தமிழ்நாட்டில் இத்தனை ஊரில் செடி சேர்த்தபோது நமக்கு ஓர் அச்சுதன்கூடச் சீட்டில் வரவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

*

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது கல்லூரிப் பக்கம். "விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாது தம்பி. செடி சரியா, இடம் சரியா, தேதி சரியா, அவ்வளவுதான்." நல்லது. விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாது என்றால் சேகரித்தவர் பெயர் மட்டும் எதற்கு? அந்த வரியையும் எடுத்துவிடுவார்களா? எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் சேகரித்தவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்பதும் ஆதாரத்தின் ஒரு பகுதி. அதே நியாயம் பெயர் சொன்னவருக்கும் உண்டு. 'உள்ளூர் மக்கள் தகவல்' என்று எழுதுவது வங்கியில் 'யாரோ பணம் கட்டினார்' என்று வவுச்சர் எழுதுவதற்குச் சமம். தணிக்கையில் நிற்காது.

தாள் சேர்க்கிறவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதி என்று பழைய வழக்கில் சொல்லப்படும் நம் நிலப்பரப்பின் தாவரங்களை ஊர் ஊராகச் சேகரித்து, 1980-களில் படங்களோடு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார்கள். ராட்லரின் பயணக் குறிப்பை 1993-ல் மொழிபெயர்த்து விளக்கத்தோடு கொண்டுவந்தவரும் அவர்தான். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் நம் வயலில் என்ன இருந்தது என்று சொல்ல எந்தச் சாட்சியும் இருக்காது. சாட்சி முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இரண்டாவது மறுப்பு நம் தோழர்களிடமிருந்து வருகிறது. அது எனக்கு இன்னும் கஷ்டமானது. ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தோழர் எழுந்து கேட்டார். "களையெடுக்கிறது என்ன கௌரவமா? குனிஞ்ச முதுகுக்கு விருது குடுக்கச் சொல்றீங்களா? அந்தச் சேத்துல இருந்து வெளிய வரத்தான் இத்தனை போராட்டம். நீங்க திரும்பவும் அம்மாவ அங்கயே நிறுத்தி மாலை போடுறீங்க."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியும். கிராமத்தைப் போற்றிப் பாடும் கூட்டத்தில் நானும் சேர மாட்டேன். பண்ணையாள் முறையில் எங்கள் தாத்தா பட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று தஞ்சைக்கே தனியாக 1952-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. அம்மாவின் முட்டி இன்று மடங்காது. அது சேறு கொடுத்த சம்பளம்.

ஆனாலும் தோழரே, வேலைக்கு மாலை போடுவது வேறு, வேலையில் விளைந்த அறிவுக்குக் கணக்குக் கேட்பது வேறு. கூலியைக் கூடக் கேட்டபோது நாம் அடிமைத்தனத்தைப் போற்றினோம் என்று யாரும் சொல்லவில்லை. உழைப்புக்கு உரியதைக் கேட்டோம். இதுவும் கூலிப் பாக்கிதான். அரைப்படி நெல்லுக்குச் சண்டை போட்டவர்கள், அறிவுப் பாக்கியை மட்டும் ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்? களைவெட்டு நின்று போகட்டும். அம்மாவோடு அந்தக் கண்ணும் விரலும் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்று எந்த விடுதலை சொல்கிறது?

*

களைவெட்டு நின்றுகொண்டுதான் இருக்கிறது. விடுதலையால் நிற்கவில்லை, மருந்தால் நிற்கிறது. நட்ட மூன்றாம் நாள் பூட்டாக்ளோரை மணலில் கலந்து வீசிவிட்டால் பாதிக்களை முளைக்கவே முளைக்காது. நேரடி விதைப்பு வந்த பிறகு மருந்து இன்னும் அதிகம். அறுவடைக்கு மெஷின். பொம்பளைகளுக்கு நூறு நாள் வேலை, திருப்பூர், சித்தாள் வேலை. கூலி போனது ஒருபக்கம். கீரையும் போனது யார் கணக்கில் வந்தது? மருந்தடித்த வயலில் ஆரை பறித்துத் தின்ன முடியாது. வாய்க்காலை நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. குட்டையில் நெட்டி அருகிவிட்டது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டும் மாலை நெட்டியில்தான். பெரிய கோயிலை வெள்ளை வெளேரென்று செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செதுக்கும் கலைக்கு முத்திரை வந்தது நல்லதுதான். தண்ணீரில் இறங்கி அந்தச் செடியை அறுத்துவருகிறவர் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் இரண்டும் 2022-ல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பறவையை எண்ண ஆள் வருகிறார்கள், மகிழ்ச்சி. ஏரிக்கரைச் சேரியில் கொட்டிக்கிழங்கு கடைசியாக எந்த வருசம் அவித்தார்கள் என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. 2002-ல் உயிரியல் பல்வகைமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஏற்பாடு. 2004 விதிகளில் குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் என்று எழுதினார்கள். என் கவுண்டருக்கு வரும் பத்துப் பதினைந்து ஊர்ப் பொம்பளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நோட்டு இருப்பதே ஒருத்தருக்கும் தெரியவில்லை. 2023 திருத்தத்தில், எழுத்தில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பயன்பங்கீட்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அறிவு எழுத்தில் ஏறும்போது யார் பெயரில் ஏறுகிறது என்பது இனிமேல் வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, சொத்துப் பிரச்சினை.

அதனால் நான் கேட்பது நாலு காரியம். ஹெர்பேரியச் சீட்டில் 'பெயர் சொன்னவர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் முழுப்பெயரோடு. ஊர் வழங்கும் பெயரைத் தமிழிலேயே, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுத வேண்டும். வாழிடம் என்ற இடத்தில் 'களை' என்று முடித்துவிடாமல், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று சேர்க்க வேண்டும். தாளின் படம் ஒன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வர வேண்டும். கியூவின் தாளையே கணினியில் பார்க்க முடிகிற காலத்தில் இது பெரிய செலவில்லை. தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் செய்ததைச் செய்யாதீர்கள். நீங்கள் கொடுக்கும் தாளிலிருந்தே ஆரம்பியுங்கள், எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம்.

*

அக்கா மகள் இப்போது அதே தாவரவியல் படிக்கிறாள். கார்த்திகையில் செடி பறிக்க வந்தாள். பாட்டியும் பேத்தியும் நானும் போனோம். அம்மா முப்பது வருசம் ஆரை பறித்த வயலில் ஓர் ஆரைகூட இல்லை. கடைசியில் சுடுகாட்டு வாய்க்கால் ஓரம் கிடைத்தது. அம்மாவால் குனிய முடியவில்லை. கம்பால் காட்டியது, அவள் இறங்கிப் பறித்தாள்.

ராத்திரி சீட்டு எழுதும்போது கேட்டாள். "மாமா, சேகரித்தவர் நான்தானே? பெயர் சொன்னவர்னு ஆயா பேரப் போடவா?"

"எம் பேரு எதுக்குடி? நாளைக்கு வந்து எதாச்சும் வரி கேக்கப் போறான்" என்றது அம்மா. ஆனாலும் எழுதி முடித்ததும் "எங்க, வாசி" என்றது. அவள் வாசித்தாள். சின்ன வயசில் வைத்த முழுப்பெயர். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரேஷன் கார்டிலும் பாஸ்புத்தகத்திலும்தான் பார்த்திருக்கிறேன்.

தை மாசம் என் பழைய தாள்களைத் திண்ணையில் பரப்பியபோது அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தது. குதிரைவாலிப் புல் என்று நான் எழுதியிருந்த தாள் வந்ததும் நின்றது. அது நானே வயலில் இறங்கிப் பறித்த ஒரே செடி. அவசரத்தில் கதிர் வருமுன்னே பறித்துவிட்டேன். அம்மா காய்ந்த இலையின் கழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது.

"நாக்கு இருக்கேடா இதுக்கு. இது நெல்லு. இதுக்கா மார்க்கு போட்டாங்க?"